தின்னாத கோழியின் ஏப்பம்

பேராசிரியர் கலம்பூகாஸைப் பிடிக்காமல் போக ஸ்தாதிஸுக்கு முழுதாக ஒரு நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை. அதிலும் பாதி, அவர் கைக்குட்டையால் நாற்காலியைத் துடைப்பதிலேயே போனது. சற்று முன்புதான் கோழிக் கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணை அதில் உட்காரவைத்து விசாரித்திருந்தாராம். அவள் எழுந்து போய்விட்டாள், ஆனால் அவள் உட்கார்ந்த இடம் இவருக்கு ஆகவில்லை. இரண்டு முறை அழுத்தித் துடைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

ஸ்தாதிஸ் இருபது வருஷம் திரிகலாவில் கசாப்புக் கடை வைத்திருந்தவன். கடை போயிற்று. கத்தியும் வாயும் மிஞ்சின. இரண்டையும் எடுத்துக்கொண்டு கலிரோயி மந்தூவலுவிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். தெசாலி சமவெளியில் களவு போன டிராக்டரிலிருந்து காணாமல் போன மாப்பிள்ளை வரை தேடிக் கொடுப்பது அவள் தொழில். ஐம்பத்து மூன்று வயது, கட்டையாக வெட்டிய முடி, பேச்சில் மகா கஞ்சத்தனம். அவள் பேசாமல் விட்டதையெல்லாம் ஸ்தாதிஸ் பேசித் தீர்ப்பான்.

கர்தித்சாவுக்கு வெளியே, பருத்தி வயல்களை ஒட்டியிருந்த அந்தக் கால்நடை ஆராய்ச்சிப் பண்ணையில் அப்போது காலை ஒன்பது மணி. பேராசிரியர் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். விளக்கத்தில் முதல் பத்து நிமிஷம் அவருடைய பெருமை. அதைக் கழித்தால் மிஞ்சியது இவ்வளவுதான்: ஆகஸ்ட் தொடக்கத்தில் இரண்டு கொட்டகைகளில் இருநூறு இருநூறு கோழிக்குஞ்சுகள். ஒரு கொட்டகைக்கு ஓரிகானோ என்ற வாசனைச் செடியின் எண்ணெய் கலந்த தீவனம். மற்றதற்கு வெறும் தீவனம். ஆறு வாரம் கழித்து அறுத்து, குடலைச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

“கோழிக் குடல்ல ஆயிரக்கணக்கான மரபணு இருக்கு,” என்றார் பேராசிரியர், பாலர் வகுப்புக்குப் பாடம் நடத்துகிற குரலில். “எல்லாம் எப்பவும் வேலை செய்யாது. சிலது தூங்கும். என்னோட எண்ணெய் உள்ள போனா, நோயை எதிர்க்கிற மரபணு முழிச்சுக்கும். குடலைப் புண்ணாக்குறது அடங்கிடும்.”

“காபி மாதிரின்னு சொல்லுங்க,” என்றான் ஸ்தாதிஸ்.

பேராசிரியர் அவனைப் பார்க்காமல் கலிரோயியைப் பார்த்துத் தொடர்ந்தார். எண்ணெய் தின்ற கோழிகளில் எதிர்பார்த்த மரபணுக்கள் விழித்திருந்தன. அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் எண்ணெயே தராத கொட்டகையிலும் அதே மரபணுக்கள் விழித்திருந்தன. விழித்திருந்தது மட்டுமல்ல, எண்ணெய்க் கோழிகளைவிட ஒரு படி மேலாகவே ஆடியிருந்தன. ஒப்பிட்டுக் காட்ட வேண்டிய வெறும் கோழியே இப்படிச் செய்தால் ஆராய்ச்சி எங்கே நிற்கும்? இதற்குள் அவர் இரண்டு மாநாட்டில் வெற்றியை அறிவித்தும் விட்டார்.

“தின்னவன் சும்மா இருக்கான், தின்னாதவன் ஏப்பம் விட்டிருக்கான்,” என்றான் ஸ்தாதிஸ்.

“அந்தப் பொம்பளையோட வேலை,” என்றார் பேராசிரியர். “மாதா திருநாளுக்கு ஊரே லீவு. பண்ணையில நாலு நாள் அவ மட்டும்தான் இருந்தா. தீவன மூட்டையை மாத்திப் போட்டிருக்கா. வேணும்னேதான். போன வருஷம் சம்பளத்தைப் பத்திக் கேட்டா, நான் முடியாதுன்னுட்டேன்.”

சாயங்காலம் மூன்று மணிக்கு விசாரணைக் குழு கூடுகிறது. பேராசிரியர் எழுதிக் கொடுத்த புகார் நிரூபணமானால் வேலையிலிருந்து நீக்கம், கூடவே போலீஸ் வழக்கு. வெளியாள் ஒருவர் விசாரித்து அறிக்கை தர வேண்டும் என்று பண்ணையின் சட்டத்தில் இருந்ததால்தான் கலிரோயிக்கு அழைப்பு. அந்தச் சிரமமும் அவளுக்கு வேண்டாம் என்று பேராசிரியர் அறிக்கையைத் தானே தட்டச்சு செய்து வைத்திருந்தார். கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

கலிரோயி அதை வாங்கி நான்காக மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். பிழை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தருவதாகச் சொன்னாள். அப்படியே கொட்டகையைச் சுற்றிக் காட்டுகிறீர்களா என்றும் கேட்டாள்.

பேராசிரியர் தன் காலணிகளைப் பார்த்துக்கொண்டார். பளபளவென்று இருந்தன. வேலை நிறைய இருக்கிறது, நீங்களே போய்ப் பாருங்கள் என்றார்.

கொட்டகை வாசலில் ஒரு வருகைப் பதிவேடு தொங்கியது. உள்ளே போகிற யாரும் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு அதில் கையெழுத்துப் போட வேண்டும். கலிரோயி ஆகஸ்ட், செப்டம்பர் பக்கங்களைப் புரட்டினாள். இரண்டு மாதமும் ஒரே கையெழுத்து, பணிப்பெண்ணுடையது. ஆறு வார ஆராய்ச்சிக்கு ஆராய்ச்சியாளர் ஒரு நாள்கூட உள்ளே வரவில்லை.

“பாவம், கோழிக்கு எத்தனை ஏக்கமா இருந்திருக்கும்,” என்றான் ஸ்தாதிஸ்.

லிந்திதா சோகோலி தீவன அறையில் காலி மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். அல்பேனியாவிலிருந்து வந்து பதினாறு வருஷம், இந்தப் பண்ணையில் ஆறு வருஷம். டிசம்பரில் அவளுடைய தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். போலீஸ் வழக்கு என்று ஒன்று விழுந்துவிட்டால் புதுப்பிக்க மாட்டார்கள். மகள் பள்ளிக் கடைசி வருஷம், அடுத்த ஜூனில் பல்கலைக்கழகத் தேர்வு. இதையெல்லாம் அவள் அழாமல், கேட்டதற்கு மட்டும் பதிலாகச் சொன்னாள். அழுது முடித்துவிட்ட முகம் என்பது ஸ்தாதிஸுக்குத் தெரிந்தது. வந்த கிண்டலை விட்டுவிட்டு, அவளோடு சேர்ந்து ஒரு மூட்டையை மடித்து அடுக்கினான்.

தீவனம் இங்கே கலப்பதில்லை என்றாள் லிந்திதா. ஆலையிலேயே கலந்து, தைத்து வருகிறது. எண்ணெய் கலந்ததில் சிவப்புச் சீட்டு, வெறும் தீவனத்தில் வெள்ளைச் சீட்டு. பிரித்த மூட்டையின் சீட்டு ஒவ்வொன்றையும் அவள் தேதி எழுதிக் கம்பியில் கோர்த்து வைத்திருந்தாள். யாரும் வைக்கச் சொல்லவில்லை. ஏதாவது காணாமல் போனால் முதலில் தன்னைத்தான் கேட்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

கலிரோயி கம்பியை விரல்களால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். திருநாள் வாரத்திலும் மற்ற வாரங்களிலும் சிவப்பு அதே எண்ணிக்கை.

“சீட்டைப் பொய்யா எழுதியிருக்கலாமே,” என்றான் ஸ்தாதிஸ், வேண்டுமென்றே. “புரொபசர் அப்படித்தான் சொல்வாரு.”

“சொல்லட்டும்,” என்றாள் கலிரோயி. “வந்த எண்ணெய் ஒரு கொட்டகைக்குத்தான். ஒரு ஆள் சோத்தை ரெண்டு பேருக்குப் பங்கு போட்டா, முதல் ஆள் வயித்துல குறையணுமில்ல? எண்ணெய்க் கோழி ஒண்ணும் குறையலையே.”

ஸ்தாதிஸ் விரல்விட்டுக் கணக்குப் போட்டான். மூட்டையை மாற்றியிருந்தால் ஒரு கொட்டகை ஏறும்போது மற்றது இறங்கியிருக்க வேண்டும். இரண்டும் ஏறியிருக்கின்றன. பட்டம் வாங்கிய பேராசிரியருக்கு எட்டாதது கசாப்புக் கடைக்காரனுக்கு எட்டிவிட்டது. பேராசிரியருக்கு எட்டவில்லையா, எட்ட வேண்டாம் என்று விட்டுவிட்டாரா என்பதுதான் அவனுக்குப் புரியவில்லை.

ஆனால் லிந்திதா குற்றவாளி இல்லை என்று சொல்ல இது போதாது. வெளியிலிருந்து ஓரிகானோ எண்ணெய் வாங்கி ஊற்றினாள் என்பார்கள். வெறும் தீவனக் கொட்டகைக் கோழி எதைத் தின்றது என்று காட்டியாக வேண்டும்.

“தின்னதைக் கோழிகிட்டயே கேட்டுடலாம் மேடம்,” என்றான் ஸ்தாதிஸ். “அறுத்ததுல ஏதாவது மிச்சம் இருக்கா?”

இருந்தது. பிறகு தேவைப்படலாம் என்று வெறும் கொட்டகையிலிருந்து ஆறு கோழிகளை முழுதாக உறைய வைத்திருந்தார்கள். யாருக்கும் தேவைப்படவில்லை. ஸ்தாதிஸ் மூன்றை எடுத்து வெந்நீர் வாளியில் போட்டு, ஒரு மணி நேரம் காத்திருந்து, தன் பழைய கத்தியை எடுத்தான். சோதனைக் கூடத்துக்காரர்கள் குடலில் நகக்கண் அளவு வெட்டி எடுத்துக்கொண்டு மற்றதைத் தூரப் போட்டிருப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். படித்தவர்கள் அப்படித்தான். கோழிக்குப் பல் இல்லை. அது தின்பதையெல்லாம் வயிற்றுக்குள் ஒரு கெட்டியான பையில் போட்டு அரைக்கிறது. சீக்கிரம் அரையாதது அதிலேயே கிடக்கும். கடை நடத்திய காலத்தில் அந்தப் பையைப் பிளந்து பார்த்தே எந்தக் கோழி எந்த வீட்டுக் கொல்லையில் மேய்ந்தது என்று சொல்லுவான்.

முதல் பையைப் பிளந்தான். அரைத்த சோளம், நாலைந்து கற்கள், கூடவே பழுப்பு நிறத்தில் குச்சிகள். இரண்டாவதிலும் குச்சிகள். மூன்றாவதில் ஒரு காய்ந்த பூங்கொத்தின் பாதி அப்படியே இருந்தது. அவன் அதை விரலில் தேய்த்து மோந்து பார்த்துவிட்டு கலிரோயியிடம் நீட்டினான்.

“சாலட்ல போடுறதுதான்,” என்றான். “எண்ணெய் இல்ல மேடம். செடியையே தின்னிருக்கு.”

கலிரோயி திரும்பிப் போய் லிந்திதாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். வெறும் கொட்டகையில் தரைக்கு என்ன கூளம் போட்டீர்கள்?

ஓரிகானோச் சக்கை என்றாள் லிந்திதா, இதில் என்ன இருக்கிறது என்பது போல. எண்ணெய் வடித்த பிறகு மிஞ்சும் செடி. திருநாளுக்கு முந்தைய நாள் மாலை ஒரு லாரி வந்து கொட்டிவிட்டுப் போனது. ஈரமாக இருந்ததால் முற்றத்தில் ஒரு நாள் முழுக்கக் காயப்போட்டு, மறுநாள் பரப்பினாள். உமி ஒரு கொட்டகைக்குத்தான் இருந்தது, அதை எண்ணெய்க் கோழிகளுக்குப் போடச் சொன்னார் பேராசிரியர். குஞ்சுகள் சக்கையைக் கொத்திக் கொத்தித் தின்றன. அதைப் போனில் சொன்னாள்.

“என்ன சொன்னாரு?”

“கோழின்னா கொத்தும்னாரு. வெச்சுட்டாரு.”

இதை ஏன் காலையில் விசாரித்தபோது சொல்லவில்லை என்று ஸ்தாதிஸ் கேட்டான். லிந்திதா அவனை முதல் முறையாக நேராகப் பார்த்தாள்.

“என்கிட்ட அவரு கேட்டது ஒண்ணே ஒண்ணு. மூட்டைய மாத்தினியா, இல்லியா. கூளத்தைப் பத்தி யாரு கேட்டா?”

லாரியை வரச் சொன்னது யார் என்பது அவளுக்குத் தெரியாது. லாரிக்காரன் தீமோஸின் ஆள் என்று மட்டும் தெரியும்.

தீமோஸ் மலையடிவாரத்தில் ஓரிகானோவும் லாவெண்டரும் ஆவியில் வைத்து எண்ணெய் வடிக்கிறவன். பேராசிரியரின் தங்கை புருஷன். அரை மணி நேரத்தில் அவனுடைய கொப்பரைகளுக்கு முன்னால் நின்றார்கள். தீமோஸ் அடக்க முடியாத உபசாரி. பகல் பதினொன்றரைக்கே சிப்புரோ சாராயம் ஊற்றினான். கலிரோயி குடிக்கவில்லை, ஸ்தாதிஸ் இருவர் சார்பிலும் குடித்தான். அவர்கள் எதற்கு வந்திருக்கிறார்கள் என்று கேட்கக்கூடத் தோன்றாமல் தீமோஸ் தன் ஊர்த் திருவிழாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். சுற்று வட்டாரத்தில் இந்த வருஷம் அவன் ஊரில்தான் நல்ல கிளாரினெட். விடிகிற வரை ஆட்டம். ஒன்பது ஆடு.

கலிரோயி சுவரில் தொங்கிய பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வடிப்புக்கும் ஒரு வரியாகச் சாக்கட்டியில் எழுதியிருந்தது: தேதி, செடி போட்ட நேரம், கொப்பரை திறந்த நேரம், கிடைத்த எண்ணெய். எல்லா வரியிலும் இரண்டரை மணி நேரம். ஆகஸ்ட் பதினான்கில் மட்டும் நாற்பது நிமிஷம். எண்ணெய் கால்பங்கு.

இது என்ன என்று விரலை நீட்டினாள்.

தீமோஸ் சிரித்தான். “மாதா திருநாளுக்கு முந்தின நாளு, அடுப்புகிட்ட எவன் நிப்பான் மேடம்? பசங்க எல்லாம் சட்டை மாத்திட்டு நிக்கிறானுங்க. அந்த நேரம் பாத்து மச்சான் போன். உமி லாரி ஓடாது, ஒரு லோடு சக்கை அனுப்புன்னான். சரி, ரெண்டு வேலையும் முடிஞ்சுதுன்னு கொப்பரையத் தொறந்து அள்ளிப் போட்டோம். ஆவிகூட அடங்கல.”

“பாதி வடிக்கிறதுக்கு முன்னாடியே?”

“கோழி காலுக்குக் கீழ போடுறதுதானே.”

ஸ்தாதிஸ் கோப்பையைக் கீழே வைத்தான். சக்கை என்று வந்தது சக்கையே இல்லை. முக்கால் எண்ணெயும் இன்னும் உள்ளே இருந்த செடி. எண்ணெய்க் கோழிகள் அளந்து கலந்த தீவனத்தைத் தின்றபோது, வெறும் கோழிகள் ஒரு மாதம் அதன் மேலேயே படுத்து, அதையே கொத்தித் தின்று, விருந்தில் வாழ்ந்திருக்கின்றன.

இதை இப்படியே மூன்று மணிக்குக் குழு முன்னால் வந்து சொல்ல முடியுமா என்று கலிரோயி கேட்டாள். அப்போதுதான் தீமோஸுக்கு உறைத்தது. முகம் மாறியது. மச்சான் போன் செய்ததாகத் தான் சொல்லவே இல்லை என்றான். யார் சொன்னார்கள் என்று ஞாபகம் இல்லை என்றான். அந்த அல்பேனியக்காரி கேட்டிருக்கலாம் என்றான். பிறகு சிப்புரோ போத்தலை மூடினான்.

“குடும்பத்துக்குள்ள என்னைக் கோத்து விடாதீங்க,” என்றான். “என் பொண்டாட்டி அவனோட தங்கச்சி. எனக்கு வீட்டுல சோறு வேணும்.”

திரும்பும் வழியில் ஸ்தாதிஸ் காரை வேகமாக ஓட்டி, வழி நெடுக ஏசினான். கோழி என்ன தின்றது என்பது தெரிந்துவிட்டது. ஆனால் இப்போது லிந்திதாவுக்குச் சங்கடம் கூடத்தான் செய்கிறது. கூளத்தைப் பரப்பியது அவள். லாரியை அழைத்தது யார் என்பதற்கு எழுத்து ஒன்றும் இல்லை. பேராசிரியர் தனக்குத் தெரியாது என்று கையை விரித்தால் முடிந்தது, பழி மூட்டையிலிருந்து கூளத்துக்கு மாறும், ஆள் மாறாது.

“அந்தாளு ஒத்துக்கவா போறாரு?” என்றான்.

“ஒத்துக்க வெக்கலாம்,” என்றாள் கலிரோயி. “குற்றம்னு சொன்னா ஒத்துக்க மாட்டாரு.”

கர்தித்சா வந்ததும் அவள் முதல் வேலையாகச் சோதனைக் கூடத்தின் தாள்களைக் கேட்டு வாங்கினாள்.

குழுவில் ஐந்து பேர். தலைவர் ஸார்காதிஸ், காது கொஞ்சம் மந்தமான முதிய கால்நடை மருத்துவர். ஒரு தீவனக் கம்பெனியிலிருந்து சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒரு பெண்மணி வந்திருந்தாள். ஆராய்ச்சி வெற்றி என்று கேட்டு ஒப்பந்தம் போட்டவள், இப்போது ஒப்பந்தத்தை முறிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். மேசையின் கோடியில் லிந்திதா நின்றிருந்தாள். அவளுக்கு நாற்காலி போடவில்லை. ஸ்தாதிஸ் தன் நாற்காலியை எடுத்துப் போய் அவளுக்குக் கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டான்.

கலிரோயி கோழியின் வயிற்றில் கிடைத்த குச்சிகளை ஒரு தட்டில் வைத்து மேசையில் வைத்தாள். கூளம், கொப்பரை, நாற்பது நிமிஷம், கோழி கொத்துகிறது என்று பணிப்பெண் போனில் சொன்னது, எல்லாவற்றையும் ஐந்து வாக்கியத்தில் சொன்னாள்.

பேராசிரியர் அதிர்ந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. புருவத்தைத்தான் தூக்கினார். கூளத்தைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். விடுமுறையில் இருந்தேன், யாருக்கும் போன் செய்யவில்லை. அந்தப் பொம்பளை யாரையாவது பிடித்து வரவழைத்திருக்க வேண்டும். “மூட்டையா கூளமாங்கிறது இல்ல விஷயம். என்னைக் கேக்காம செஞ்சிருக்கா. என் ஆராய்ச்சியை நாசம் பண்ணியிருக்கா.”

ஸ்தாதிஸ் கலிரோயியைப் பார்த்தான். அவள் தலையாட்டிக்கொண்டிருந்தாள், ஒப்புக்கொள்கிறவளைப் போல.

“சரி,” என்றாள் கலிரோயி. “அப்போ இது லிந்திதா சோகோலியோட யோசனைதான். புரொபசருக்கு இதுல சம்பந்தமே இல்ல. அப்படியே எழுதிக்கலாம்.”

லிந்திதா நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள். ஸ்தாதிஸ் அவள் தோளில் கை வைத்து உட்கார வைத்தான். ஏன் அப்படிச் செய்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.

கலிரோயி சோதனைக் கூடத்தின் தாள்களைச் சாம்பல் கோட்டுப் பெண்மணியின் பக்கம் தள்ளினாள். இரண்டு கொட்டகையின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொன்னாள். எண்ணெய் தின்ற கோழியைவிடச் செடி தின்ற கோழியில்தான் மரபணு கூட விழித்திருக்கிறது. வடித்து, அளந்து, கலந்து கொடுக்கிற எண்ணெயைவிட, கோழியின் காலடியில் கொட்டுகிற அரைச்சக்கை நன்றாக வேலை செய்திருக்கிறது. இதை இதற்கு முன் வேறு யாராவது செய்து பார்த்திருக்கிறார்களா என்று கேட்டாள்.

பெண்மணி தாள்களைப் படித்தாள். மறுபடி படித்தாள். தனக்குத் தெரிந்து இல்லை என்றாள். குரலே மாறியிருந்தது. எண்ணெய் ஒப்பந்தத்தைவிட இது எங்களுக்கு முக்கியம், யார் பெயரில் வெளியிடப் போகிறீர்கள் என்று கேட்டாள்.

“அதான் சொன்னேனே,” என்றாள் கலிரோயி. “கூளத்தை வரவழைச்சது யாரோ அவங்க பேர்ல. லிந்திதா சோகோலி. முதல் பேரா போடுங்க. புரொபசர் பேரு வேண்டாம், அவருக்கு இதுல ஒண்ணும் தெரியாதுன்னு இப்பத்தான் எல்லார் முன்னாடியும் சொன்னாரு.”

பேராசிரியரின் காதுமடல் முதலில் சிவந்தது, பிறகு கன்னம். கொட்டகை பெருக்குகிறவளின் பெயர் ஆராய்ச்சிக் கட்டுரையின் தலைப்பில் நிற்பதை அவர் மனக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது ஸ்தாதிஸுக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஒரு மனுஷன் இவ்வளவு அற்பமாக இருக்க முடியுமா என்று அவனுக்கு வியப்பாகக்கூட இருந்தது.

“ஒரு நிமிஷம்,” என்றார் பேராசிரியர். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “சில விஷயத்தை நான் இன்னும் வெளிய சொல்லல. ஆராய்ச்சியில ரகசியம்னு ஒண்ணு இருக்கு. அந்தக் கூளம் என்னோட திட்டம். ரெண்டாவது பரிசோதனை. மூலிகையை முழுசா குடுத்தா குடல்ல மரபணு எப்படி நடந்துக்கும்னு பாக்கிறதுக்காக நானேதான் வரவழைச்சேன்.”

“நீங்களா?” என்றாள் கலிரோயி, நம்பாதவளைப் போல. “இல்ல சார், இப்போ அவங்க வேலையில பங்கு கேக்கிறீங்க. ஆதாரம் ஏதாவது இருக்கா?”

ஆதாரம் என்று கேட்டதும் பேராசிரியருக்குக் கோபம் வந்துவிட்டது. பையிலிருந்து போனை எடுத்தார். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு விரலால் தள்ளித் தள்ளி ஆகஸ்ட்டுக்குப் போனார். பதினான்காம் தேதி, பகல் இரண்டு இருபது. தீமோஸுக்குப் பேசியது நான்கு நிமிஷம். அதற்கு முன்பே, ‘ஒரு லோடு சக்கை இன்றே அனுப்பு, வெறும் கொட்டகைக்குத்தான், எதுவானாலும் பரவாயில்லை’ என்று தட்டி அனுப்பிய செய்தியும் இருந்தது. அதை எல்லாரும் பார்க்கும்படி மேசைமேல் வைத்தார். பதினேழாம் தேதி கொட்டகை எண்ணிலிருந்து லிந்திதா பேசிய அழைப்பும் அதே வரிசையில் இருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை.

ஸார்காதிஸ் போனைக் கையில் எடுத்து, கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். காது மந்தமானாலும் அவருக்குக் கண் நன்றாகத் தெரிந்தது.

“அப்போ கூளம் போடச் சொன்னது நீங்க,” என்றார். “கோழி திங்குதுன்னு இந்தம்மா உங்களுக்குச் சொல்லியிருக்காங்க. அதுக்கப்புறம் நீங்களே உக்காந்து இந்தம்மா மேல புகார் எழுதியிருக்கீங்க.”

பேராசிரியர் இரண்டாவது பரிசோதனை என்று மறுபடி தொடங்கினார். இரண்டாவது பரிசோதனைக்கு எழுத்தில் அனுமதி எங்கே என்று ஸார்காதிஸ் கேட்டார். பேராசிரியர் போனுக்குக் கை நீட்டினார். சாம்பல் கோட்டுப் பெண்மணி தாள்களைப் பையில் வைத்துக்கொண்டு, இனி எது பேசுவதானாலும் தலைவரிடம் மட்டுமே பேசுவேன் என்றாள்.

“இவ்வளவு லேசா விழுவாருன்னு நினைக்கல மேடம்,” என்று ஸ்தாதிஸ் கலிரோயியின் காதில் சொன்னான். “கோழிகூடக் கொஞ்சம் ஓடும்.”

கலிரோயி பையிலிருந்து நான்காக மடித்த அறிக்கையை எடுத்தாள். பிழை இருக்கிறது, கையெழுத்துப் போட முடியவில்லை என்று சொல்லி பேராசிரியர் முன்னால் வைத்தாள்.

புகார் தள்ளுபடி என்றார் ஸார்காதிஸ். அது போதாது என்றும் சொன்னார். காவல் நிலையத்துக்குப் போன வாரமே நகல் போயிருக்கிறது. லிந்திதா மேல் ஒரு குற்றமும் இல்லை, பழி சுமத்தியது தவறு என்று பேராசிரியர் தன் கைப்பட எழுதித் தர வேண்டும். இங்கேயே, இப்போதே. ஒரு நகல் காவல் நிலையத்துக்கு, ஒன்று அனுமதி அலுவலகத்துக்கு, ஒன்று அந்த அம்மாவின் கையில். எழுதி முடிக்கிற வரை யாரும் எழுந்திருக்கப் போவதில்லை என்றார்.

பேராசிரியர் பேனாவை எடுத்தார். தேதி போட்டார். “கீழே கையொப்பமிட்டுள்ள நான்” என்று தொடங்கி, தன் பட்டங்களைப் பழக்கதோஷத்தில் இரண்டு வரிக்கு எழுதினார். பிறகு “எங்கள் பண்ணையில் பணிபுரியும் திருமதி” என்று எழுதினார்.

பேனா அங்கேயே நின்றது.

முதலில் வார்த்தை தேடுகிறார் என்று ஸ்தாதிஸ் நினைத்தான். பிறகு அவர் கண் மேசையின் மேல் அலைவதையும், யாராவது சொல்வார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பதையும் கண்டான். கலிரோயி அந்தப் பெயரை இந்த அறையிலேயே இரண்டு முறை உரக்கச் சொல்லியிருந்தாள். அது அவர் காதில் விழுந்திருக்கிறது, உள்ளே போகவில்லை. ஸார்காதிஸ் சொல்ல வாயெடுத்தார். கலிரோயி அவர் கையைத் தொட்டு நிறுத்தினாள்.

பேராசிரியர் கடைசியில் லிந்திதாவின் பக்கம் திரும்ப வேண்டியிருந்தது.

“உன்...” என்று தொடங்கித் திருத்திக்கொண்டார். “உங்க பேரு என்ன?”

ஆறு வருஷம் தினமும் காலையில் அவருக்கு வணக்கம் சொன்னவள் எழுந்தாள். மேசையைச் சுற்றி வந்து, அங்கே கிடந்த புகார்த் தாளை எடுத்து அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

“நீங்க கையெழுத்துப் போட்ட புகார்தான் ஐயா,” என்றாள் லிந்திதா. “இதுல இருக்கு. பாத்து எழுதுங்க.”

அவர் பார்த்து எழுதினார்.